ஆறு துக்க விடுப்புகள்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையின் தையல் கூடத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. வீட்டில் வைத்த பெயர் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் நாற்பத்து மூன்று இயந்திரங்கள் ஒன்றாக ஓடும் இடத்தில் ஒரு பெயரைக் கூப்பிட்டால் அது பாதி வழியிலேயே விழுந்து செத்துப்போகும். எண் அப்படியில்லை, விரலைக் காட்டியே சொல்லிவிடலாம். ஆகவே ஏப்ரனின் மார்பில் தைத்த எண்ணே ஆளின் பெயராகிவிட்டது. வயதில் மூத்தவளானால் எண்ணோடு ஓர் ‘அக்கா’வும் ஒட்டிக்கொள்ளும். முப்பத்தொன்று தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது, பெண்ணின் தாயார் பெயரைப் படித்துவிட்டுப் பாதிப் பேர், “இது யாரு?” என்று கேட்டார்கள்.

பதினேழு அங்கே செக்கர். தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்துப் பார்ப்பாள். தையல் கோணலாக ஓடியிருந்தால், பொத்தான் துளை பெரிதாகப் போயிருந்தால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தைத்தவளுக்கே திருப்பி அனுப்புவாள். அவள் அம்பு படாத ஆள் கூடத்தில் இல்லை. அதனால் அவள்மேல் மரியாதை உண்டு, பிரியம் கொஞ்சம் குறைவு.

அந்தப் பதினேழு முதலில் அவளுடையது அல்ல. அவளுடைய அக்காவுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா போன பிறகு, மாடியில் நூல் வெட்டிக்கொண்டிருந்த தங்கையைக் கீழே கூப்பிட்டு அந்த ஏப்ரனைக் கொடுத்தார்கள். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. அக்காவுக்கு என்ன வந்தது என்று யாராவது கேட்டால் குடும்பம் முழுக்க ஒரே பதில் சொல்லும்: வயிற்றுக் கோளாறு.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மறுநாள் விடுப்பு வேண்டுமென்றால் முதல் நாள் மூன்று மணிக்குள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நான்கு மணித் தேநீர் மணி அடித்ததும் இயந்திரங்கள் நிற்கும். மேற்பார்வையாளர் தன் மேடையில் ஏறி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, நாளை யார் வரவில்லை, அவள் இயந்திரத்தில் யார் உட்கார வேண்டும், வராததற்கு என்ன காரணம் என்று மூன்றையும் வாசிப்பார். காரணத்தை எதற்கு வாசிக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒளிவுமறைவற்ற நிர்வாகம் என்று சுவரில் பெரிய எழுத்தில் முதலாளி எழுதி மாட்டியிருந்தார். ‘நாளை ஒன்பது இல்லை. காரணம், மூலம். அவர் இடத்தில் பன்னிரண்டு உட்காரவும்’ என்று நாற்பது பேர் கேட்க வாசித்த நாளும் உண்டு. ஒன்பது திரும்பி வந்த அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் நாற்காலியில் ஒரு தலையணை மட்டும் இருந்தது. இந்த வாசிப்பால் மேற்பார்வையாளருக்கும் பெயர் போய், ‘மைக் சார்’ என்பதே நிலைத்துவிட்டது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஒரு திங்கட்கிழமை மருத்துவ முகாம் வந்தது. நர்ஸ் சாப்பாட்டு அறையில் ஒரு படத்தை மாட்டி, கருப்பை வாய் எங்கே இருக்கிறது என்று குச்சியால் காட்டினார். மைக் சார் உடனே தேநீர்க் கணக்கு பார்க்கிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

“ஹெச்.பி.வி.ங்கறது ரொம்பச் சாதாரணமான வைரஸ்ங்க,” என்றார் நர்ஸ். “குடும்பம் நடத்துற பொம்பளைங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மேல எப்பவாவது ஒரு தடவை வந்து போயிருக்கும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பெரும்பாலும் உடம்பே தொரத்திடும். போகாம வருஷக்கணக்கா உக்காந்துக்கிட்டாத்தான் புத்துநோய் வரைக்கும் போகலாம். அதை முன்னாடியே பாத்துக்கத்தான் இந்த டெஸ்ட்.”

முப்பத்தொன்பது எழுந்தாள். கூடத்தின் ஒழுக்கத்தை யாரும் கேட்காமலே அவள் பராமரித்து வந்தாள். “சிஸ்டர், இதெல்லாம் ஒழுங்கா இருக்கவங்களுக்கு எதுக்குங்க?”

“ஒழுங்கா இருக்கவங்களுக்கும் சளி பிடிக்குதுல்ல?”

“சளி மூக்குலங்க சிஸ்டர்.”

அறை சிரித்தது. நர்ஸும் சிரித்துவிட்டு, ஆளுக்கொரு பஞ்சுக் குச்சியும் குப்பியும் கொடுத்தார். “பேர் எழுதாதீங்க. ரகசியமா இருக்கட்டும். உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கற ஒரு எண் போடுங்க, போதும்.”

நல்லா ஞாபகம் இருக்கற எண். முப்பத்தொன்பது மட்டும் குப்பியை வாங்கவில்லை. மற்ற நாற்பத்திரண்டு பேரும் திரைக்குப் பின்னால் போய் வந்து, குப்பியின்மேல் தங்கள் ஏப்ரன் எண்ணைத் தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தார்கள். இதைவிட ரகசியமாக யாரும் நடந்துகொள்ள முடியாது என்று அவர்களுக்குத் திருப்தி.

மூன்று வாரம் கழித்து முடிவுப் பட்டியல் வந்தது. மைக் சார் அதை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தார். ஒரு பெயர்கூட இல்லை. சுத்தமான மனசாட்சியோடு நாலு மூலையிலும் நாலு ஊசி குத்தி அறிவிப்புப் பலகையில் மாட்டிவிட்டார். முப்பத்தாறு எண்களுக்கு நேரே ‘இல்லை’. ஆறு எண்களுக்கு நேரே ‘உண்டு, மேல் பரிசோதனைக்கு வரவும், மாதத்தின் இரண்டாம் வியாழன்’.

இருபது நிமிடத்தில் அவருக்கு உறைத்தது. ஓடிவந்து கிழித்தார். அந்த இருபது நிமிடத்தில் கூடமே தண்ணீர் குடிக்கப் போய் வந்துவிட்டது. போதாததற்கு யாரோ ஒரு புண்ணியவதி, செக்கர் மேசையிலிருந்த அம்பு ஸ்டிக்கரில் ஆறை உரித்து, ஆறு எண்களுக்கும் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். இரண்டாவது அம்பு பதினேழைக் காட்டியது. தன் சொந்த அம்பு தன்னையே குத்தி நிற்பதைப் பதினேழு பார்த்தாள். ஒட்டியவள் கைவேலை சுத்தம், கோணலே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. யாரும் எதையும் பார்க்கவில்லை. பட்டியல் என்று ஒன்று வந்ததே இல்லை. ஆனால் குழாயடியில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த இரண்டு டம்ளர்களில் இடது பக்கத்து டம்ளர் அன்று மாலைக்குள் ஆறு பேருடையதாகிவிட்டது. சட்டம் எழுதியவர் யாருமில்லை, மீறியவரும் இல்லை. முப்பத்தொன்பது வீட்டிலிருந்தே மூடிபோட்ட பாட்டில் கொண்டுவரத் தொடங்கினாள்.

“டம்ளர்ல வராதுன்னு அந்த சிஸ்டர் சொல்லுச்சே,” என்றாள் இருபத்திரண்டு. அவளும் ஆறில் ஒருத்தி. கழுத்துப்பட்டி தைப்பவள், வாய் மட்டும் தைக்கப்படாதவள்.

“விடு. நமக்குன்னு தனி டம்ளர். மொதலாளிக்குக்கூட இல்ல,” என்றாள் பதினேழு.

வீட்டில் அவள் கணவரிடம், ஆளுக்கொன்றாக வந்திருந்த முடிவுக் காகிதத்தைக் கொடுத்தாள். அவர் பூட்டுக்காரர். எந்தப் பூட்டையும் திறப்பார், எந்தச் சாவியையும் செய்வார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“இது எப்படி வரும்?”

“புருஷன் பொண்டாட்டியா இருந்தாலே வருமாம்.”

கண்ணாடியைக் கழற்றி மடித்தார். “நான் ஒரு தப்பும் பண்ணல.”

“நானுந்தான்.”

“அப்ப யாரு?”

“வைரஸ்ங்க.”

“அது எப்ப வந்துச்சாம்?”

“தெரியாதாம். பத்து வருஷத்துக்கு முன்னாடிகூட வந்திருக்கலாமாம். யார்கிட்டருந்துன்னு கண்டுபிடிக்கவே முடியாதாம்.”

வீட்டுக்குள் திருடன் புகுந்து எதையும் எடுக்காமல் போன மாதிரி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை அவர் எழுந்ததும் முதல் வேலையாக வாசல் கதவின் பூட்டை மாற்றினார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அவர் கடைக்குப் போனதும் பதினேழு அலமாரியிலிருந்து அக்காவின் பாபின் டப்பாவை எடுத்தாள். நூல் சுற்றிய பாபின்களுக்கு அடியில், நாலாக மடித்த இன்னொரு காகிதம் இருந்தது. ஐந்து வருஷத்துக் காகிதம். வேறொரு முகாம், அதே வரி: உண்டு, மேல் பரிசோதனைக்கு வரவும்.

அதை அக்கா முதலில் காட்டியது இவளிடம்தான். “என்னன்னு படிச்சுச் சொல்லுடி,” என்று இந்த வாசலில்தான் நின்றாள். இவள் படித்தாள். படித்துவிட்டு, “சீட்டுல என்னன்னுக்கா எழுதுவே? மைக்ல படிச்சிட்டா மானம் போயிடும். அவசரமில்ல, அடுத்த மாசம் பாத்துக்கலாம்,” என்றாள். அக்காவுக்கும் அது சரி என்று பட்டது. அந்த அடுத்த மாதம் பதினான்கு மாதம் கழித்து வந்தது. அதற்குள் சீட்டில் எழுதக் காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. ரத்தப்போக்கில் அக்காவைக் கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ‘வயிற்று வலி’ என்று மைக் சார் வாசித்தார்.

பதினேழு தன் காகிதத்தையும் நாலாக மடித்து அதே டப்பாவில் வைத்து மூடினாள். பிறகு, என்ன செய்தோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது. உடனே திறந்து வெளியே எடுத்தாள்.

இரண்டாம் வியாழனுக்கு முதல் நாள், புதன். மூன்று மணிக்குள் ஐந்து சீட்டுகள் போயிருந்தன. நான்கு மணிக்கு மைக் சார் ஏறினார், தட்டினார், வாசித்தார்.

“நாளை ஐந்து இல்லை. காரணம், தாய்மாமன் மரணம். நாளை இருபத்திரண்டு இல்லை. காரணம், சின்ன மாமனார் மரணம். நாளை இருபத்தெட்டு இல்லை. அத்தை மரணம். முப்பத்து நான்கு. மாமியார் மரணம்.” இங்கே சற்று நிறுத்தினார். முப்பத்து நான்கின் மாமியார் இந்த வருஷத்தில் இறப்பது இது மூன்றாவது முறை. “நாற்பது. பக்கத்து வீட்டுக்காரர் மரணம். அனைவருக்கும் நிர்வாகத்தின் ஆழ்ந்த இரங்கல்.”

நாளை சாகப் போகிறவர்களை இன்றைக்கே எப்படித் தெரிந்தது என்று மைக் சார் கேட்கவில்லை. கூடம் தலைகுனிந்து அரை நிமிடம் மௌனம்கூட அனுசரித்தது.

“எங்க சின்ன மாமனார் தங்கமான மனுஷன்க்கா,” என்று இருபத்திரண்டு செக்கர் மேசைப் பக்கம் வந்து சொன்னாள். “ஒரு வார்த்தை கேட்டதும் எனக்காகச் செத்துட்டாரு. நீங்க ஏன் சீட்டு குடுக்கல?”

பதினேழு மேசையிலிருந்த சட்டையை மடித்தாள். அவளுக்கு இருந்த கஷ்டம் வேறு. கொல்ல ஆளில்லை. அப்பா அம்மா போய் வருஷங்களாயிற்று. கணவருக்கு உடன்பிறப்பு கிடையாது. மாமியார் இருக்கிறாள், ஆனால் தொழிற்சாலை வாசலுக்கு நேர் எதிரே காய்கறிக் கடை போட்டிருக்கிறாள். அவளைக் கொன்றால் ஐந்து மணிக்கே உயிர்த்தெழுந்து இந்த நாற்பது பேருக்கும் தக்காளி நிறுத்துப் போடுவாள். மிச்சம் இருப்பது அக்கா. காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்தால் கை அக்கா என்றுதான் எழுதப் போயிற்று. அவளை இரண்டாம் முறை கொல்ல மனசு வரவில்லை. மூன்று மணி அடித்தபோது சீட்டு வெறுமையாகவே இருந்தது.

வியாழன் காலை வழக்கம்போல் கிளம்பித் தொழிற்சாலை வாசல்வரை வந்தாள். மாமியார் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, மணி ஆகுது, நிக்கிறே?”

“ஆஸ்பத்திரிக்குப் போறேன் அத்தை.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

மாமியார் மேலும் கீழும் பார்த்தாள். “போறதுன்னா போ. இங்க நின்னா வியாதி போயிடுமா? அந்த ஆறாம் நம்பர் பஸ்ஸு வருது பாரு.”

கதவுக்குள் இயந்திரங்கள் தொடங்குகிற சத்தம் கேட்டது. தகவல் இல்லாமல் வரவில்லை என்று தன் எண்ணுக்கு நேரே எழுதுவார்கள் என்று பதினேழுக்குத் தெரியும். பஸ் ஏறிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அந்தத் துறைக்கு முன்னால் ஒரு நீண்ட நடை. இரண்டு பக்கமும் பெஞ்சுகள். எங்கோ ஒரு மூலையில், ஆள் இல்லாத இடத்தில், முகத்தை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும் என்று நினைத்து வந்தவளுக்கு உட்கார இடமே இல்லை. ஒருத்தி மடியில் நோட்டுப் புத்தகங்களை அடுக்கித் திருத்திக்கொண்டிருந்தாள். காவல்துறை உடுப்பில் ஒருத்தி டோக்கனை விசிறியாக்கி விசிறிக்கொண்டிருந்தாள். வங்கி அடையாள அட்டை தொங்க ஒருத்தி, பேரக்குழந்தையோடு ஒருத்தி, மருதாணி மங்காத புதுப்பெண் ஒருத்தி. ஐந்து வருஷத்துக்கு முன்பும் இந்த பெஞ்சுகள் இப்படித்தான் நிறைந்திருந்திருக்கும். அக்காவிடம் அதை யாரும் சொல்லவில்லை.

நடுவில் ஒரே பெஞ்சில் ஐந்து, இருபத்திரண்டு, இருபத்தெட்டு, முப்பத்து நான்கு, நாற்பது. துக்கத்துக்கு விடுப்பு எடுத்த பழக்கத்தில் ஐந்து முகமும் தொங்கிக்கொண்டிருந்தன.

“வாங்கக்கா,” என்று இருபத்திரண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். “உங்க வீட்டுல யாரு?”

“யாரும் இல்லடி. சும்மாத்தான் வந்தேன்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் எதிர் பெஞ்சில், மடியில் ஒரு பெண்கள் கைப்பையை வைத்துக்கொண்டு, செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்த ஆளைப் பார்த்தார்கள். செய்தித்தாள் தலைகீழாக இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி. பதினைந்து வருஷமாக எல்லோர் காரணத்தையும் வாசித்தவர். அவர் காரணத்தை வாசிக்க மட்டும் அங்கே ஆள் இல்லை.

“வணக்கம் சார்,” என்று ஆறு பேரும் எழுந்தார்கள். பழக்கதோஷம்.

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. “உக்காருங்க, உக்காருங்க.”

“யாருங்க இவங்கல்லாம்?” என்றாள் மனைவி.

“எங்க கூடத்துல வேல செய்றவங்க. பாவம், எல்லார் வீட்டுலயும் சாவு.”

“எல்லார் வீட்டுலயுமா?”

“ஒரே நாள்ல மேடம்,” என்றாள் இருபத்திரண்டு. “சார், உங்க வீட்டுல யாருங்க?”

மைக் சார் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். “எங்க பெரியப்பா.”

“பெரியப்பாவா?” என்றாள் மனைவி. “காலையில போன் பண்ணி உங்களைக் கேட்டாரே.”

காவல்துறைக்காரிதான் முதலில் சிரித்தாள். பிறகு நடை முழுக்கச் சிரித்தது. உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் தலையை நீட்டி, “இது ஆஸ்பத்திரி,” என்று ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

டாக்டரம்மா ஒரு பெரிய பூதக்கண்ணாடிக் கருவி வழியாகப் பார்த்தபடியே பேச்சுக் கொடுத்தார். “என்னம்மா வேலை?”

“செக்கருங்க. தையல்ல பிழை பாக்குறது.”

“அட, நானும் அதேதான்.” கருவியைச் சற்று நகர்த்தினார். பிறகு, “ஒரு சின்ன இடத்துல மாற்றம் தெரியுது. புத்துநோய் இல்ல. விட்டா வருஷம் போகப்போக அப்படி ஆகலாம். அடுத்த மாசம் வாங்க, கால் மணி நேரத்துல எடுத்துடலாம். தள்ளிப்போடாதீங்க.”

மற்ற ஐவரையும் ஒரு வருஷம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். ஆறில் பிழை இருந்த உருப்படி ஒன்றே ஒன்று, அதுவும் செக்கர். பஸ்ஸில் இருபத்திரண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், வழி முழுக்க ஒரு வார்த்தையும் பேசாமல். அவள் பேசாமல் வந்ததே பதினேழுக்குப் பயத்தைக் கொடுத்தது.

அடுத்த மாதப் புதன்கிழமை, இரண்டே முக்காலுக்குப் பதினேழு சீட்டைக் கொண்டுபோய் மைக் சாரின் மேசையில் வைத்தாள். அவர் படித்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

“மருத்துவக் காரணம்னு மாத்திக்கலாமேம்மா. பொதுவா இருக்கும்.”

“எங்க அக்காவுக்கு அப்படிப் பொதுவாத்தான் சார் எழுதினோம்.”

அவர் சீட்டை மற்ற சீட்டுகளோடு சேர்த்து வைத்தார்.

நான்கு மணி. இயந்திரங்கள் நின்றன. மைக் சார் ஏறி இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவதும் ஒரு தட்டுத் தட்டினார். பதினேழு தன் மேசைக்குப் பின்னால் உட்காராமல் நின்றாள். கையில் ஏதாவது இருக்கட்டும் என்று ஒரு சட்டையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“நாளை பதினேழு இல்லை. காரணம்,” என்றவர் தொண்டையைச் செருமினார். “காரணம், கருப்பை வாயில் சிகிச்சை. ஹெச்.பி.வி. அவர் இடத்தில் முப்பத்தொன்பது உட்காரவும்.”

ஒரு பாபின் எங்கோ விழுந்து உருண்டு போகிற சத்தம் கூடத்தின் கடைசிவரை கேட்டது. அவர் இறங்கப் போனார். பிறகு திரும்பி வந்து மைக்கைப் பிடித்தார்.

“நாளை மேற்பார்வையாளரும் இல்லை. காரணம், மனைவிக்கு அதே.” எதையோ மறந்தவர்போல் நின்று, “இரங்கல் எதுவும் தேவையில்லை,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பதினேழு குழாயடிக்குப் போய் இடது டம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். பின்னால் முப்பத்தொன்பது வந்து நின்றாள். கையில் பாட்டில் இல்லை. வலது டம்ளர் பக்கத்திலேயே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இடது டம்ளருக்குக் கையை நீட்டி வாங்கி, நிரப்பி, ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

“பதினேழக்கா,” என்றாள் மெதுவாக. “ஒரு ரெண்டு மாசமா எனக்கு நடுநடுவுல ரத்தம் படுது. சும்மா சூடா இருக்கும்னு விட்டுட்டேன். அந்த ஆஸ்பத்திரில மொதல் தடவ போறவங்களையும் பாப்பாங்களா?”

ஐந்து வருஷத்துக்கு முன் வாசலில் நின்று காகிதத்தை நீட்டிய முகம் பதினேழுக்கு ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

“பாப்பாங்க. நாளைக்கே என்கூட வா.”

“நாளைக்கா? சீட்டு குடுக்கலையே. உங்க எடத்துல வேற என்னைய உக்காரச் சொல்லிருக்காங்க. அடுத்த மாசம்...”

“அந்த மேசை ஒருநாள் சும்மா கெடக்கட்டும். சட்டைதானே.” பதினேழு டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிச் சங்கிலியில் தொங்கவிட்டாள். “எட்டு மணிக்கு டோக்கன் குடுப்பாங்க. நீ ஏழரைக்கே வந்துடு. அங்க உக்கார எடம் கிடைக்காது.”